காலையில் ரெண்டு, சாயங்காலம் ரெண்டு

என் தங்கையின் கணவர் கேக்கில் எழுதுகிறவர். கேக் சுடுகிறவர் வேறு, க்ரீம் பூசுகிறவர் வேறு. நம்ம மாப்பிள்ளைக்கு எழுத்து மட்டும்தான் வேலை. பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, நுனியைக் கொஞ்சமாக வெட்டி, உள்ளே க்ரீமை அடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று எழுதுவார். அந்த ‘ழ’வை அவர் சுழித்து இறக்குவதைப் பார்க்கக் கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் நிற்பார்கள். ‘வாழ்த்துக்கள்’தான் சரி, நடுவில் ‘க்’ எங்கே என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. “போட்டுட்டாப் போச்சு சார், உங்களுக்குத்தான் க்ரீம் கூடக் கிடைக்கும்” என்று சொல்லி ஒரு எழுத்தைச் செருகிவிடுவார். அவர் யாரோடும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

நான் அதே பேக்கரியில் அடுப்பு மாஸ்டர். ரொட்டி, பன், ரஸ்க் எல்லாம் என் பொறுப்பு. எனக்குக் கோபம் சட்டென்று வரும். முடிவு அதைவிடச் சட்டென்று வரும். இரண்டாவதுதான் ஆபத்து என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பத்தோரு வயது ஆனது.

இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்ததே நான்தான். தங்கை என்னைவிடப் பதினாறு வயது சின்னவள், நான் தூக்கி வளர்த்தவள். எங்கள் அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். அதனால் மாப்பிள்ளையிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. “ஏதாவது பழக்கம் உண்டா?” அவர் டீகூட இரண்டு வேளைக்கு மேல் இல்லை என்றார். நான் உச்சி குளிர்ந்துபோனேன். ஒழுங்காக மூச்சுவிட முடிகிறதா என்று மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் யார் கேட்பார்கள்? நானும் கேட்கவில்லை.

அவருக்கு ஆறு வயதிலிருந்து இழுப்பு. ஆஸ்துமா. மருந்தை உள்ளிழுக்கிற பம்ப் இரண்டு வைத்திருந்தார். பழுப்பு நிறத்தில் ஒன்று, தினமும் காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு முறை அடித்துக்கொள்ள. நீல நிறத்தில் ஒன்று, திடீரென்று மூச்சு முட்டினால் அடித்துக்கொள்ள. கல்யாணமான மறுவாரமே தங்கையிடம் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் மட்டும் மறைத்தார்கள். அதற்கும் காரணம் நான்தான். பேக்கரியில் மாவு பிசைகிற ஒருவர் ஓயாமல் இருமிக்கொண்டிருந்தார். “தின்கிற பொருள் செய்யுற இடத்துல இப்படி இருமிட்டு நின்னா என்ன அர்த்தம்?” என்று முதலாளி காதில் போட்டுவைத்தவன் நான். அடுத்த வாரம் அந்த ஆள் இல்லை. இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர் மாப்பிள்ளை. என்னிடம் எப்படிச் சொல்வார்?

ஆக, எட்டு வருஷம் எனக்கு எதுவும் தெரியாது. மாப்பிள்ளை முன்பக்கத்துக் கண்ணாடி அறையில் இருந்தவரை தெரிகிற மாதிரி எதுவும் நடக்கவும் இல்லை. போன வருஷம் முதலாளி அந்த இடத்தில் மேசை நாற்காலி போட்டுக் காப்பி விற்க ஆரம்பித்தார். எழுதுகிற மேசை பின்பக்கம் வந்தது, மாவு மூட்டை அடுக்குகிற அறைக்குப் பக்கத்திலேயே. மாவுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் நீலப் பம்பை அடிக்கடி அடிக்க ஆரம்பித்திருக்கிறார். அடித்தால் கொஞ்ச நேரம் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். பழுப்புப் பம்ப் குரலைக் கம்மவைக்கும், சரியாகக் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

காலை ஏழரை மணிக்குக் கடைக்கு வந்ததும் ஒருவர் பின்பக்கச் சந்துக்குப் போகிறார். காலி எண்ணெய் டின்களுக்குப் பின்னால் இரண்டு நிமிஷம் நிற்கிறார். குழாயில் வாயை அவசரமாகக் கொப்பளிக்கிறார். ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, வாயைத் துடைத்தபடி உள்ளே வருகிறார். குரல் கரகரக்கிறது. கொட்டாவி விடும்போது நாக்கு வெளுத்துக் கிடக்கிறது. மேசையில் உட்கார்ந்து கூம்பைப் பிடித்தால் கை ஆடுகிறது. ‘ழ’வின் வால் கோணிக்கொண்டு போகிறது. “இது புது டிசைன்” என்று சிரிக்கிறார். நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

எனக்கு வாடைகூட வந்தது. ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவு நேரமாகிவிட்டால் புளித்துச் சாராயம் மாதிரி அடிக்கும். பேக்கரியே அந்த வாடையில்தான் ஊறிக் கிடக்கிறது, என் சட்டை உட்பட. ஆனால் அவர் பக்கத்தில் போனபோது மட்டும் என் மூக்கு அதைப் புதிதாகக் கண்டுபிடித்தது. குடிகாரன் மகனின் மூக்கு தப்பாது என்று பெருமை வேறு.

இதற்கு மேல் ஒரு சாட்சியும் கிடைத்தது. ஒரு நாள் சந்தில் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பழைய நண்பரோடு என்று பிற்பாடு தெரிந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நான், கையில் ரொட்டித் தட்டு.

“காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. அது வழக்கம்தான். இப்போ நடுவுலயும் அடிக்க வேண்டியிருக்கு. அடிச்சாத்தான் வேலையே ஓடுது. அவளுக்குத் தெரியும். மச்சானுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான், வேலை போயிடும்.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அவளுக்குத் தெரியுமாம்! அம்மாவும் இப்படித்தான் அப்பாவை எங்களிடமிருந்து கடைசிவரை மூடி மூடி வைத்தாள். தங்கையும் அதே வழியில் போகிறாள் என்று நினைத்தேன். அவளைக் கேட்டால் அழுவாள், மறைப்பாள், பிரயோஜனமில்லை. நேராக அவரையே பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் மத்தியானம், கடை ஓய்ந்திருந்த நேரம். குளிர் அறைக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தினேன்.

“மாப்பிள்ளை, எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு.”

முகம் வெளுத்துவிட்டது. “எது மச்சான்?”

“காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. நடுவுல கணக்கில்லாம.”

“அவ சொன்னாளா?”

“யார் சொன்னா என்ன? உண்மையா, இல்லையா?”

“உண்மைதான் மச்சான்.”

“எத்தனை வருஷமா?”

“சின்ன வயசுலேர்ந்து.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “பழக்கம் எதுவும் இல்லன்னு சொன்னீங்களே!”

“இதைப் பழக்கம்னு நான் நினைக்கல. இது இல்லாம இருக்க முடியல, அவ்வளவுதான்.”

என் அப்பா சொன்ன அதே வார்த்தை. அதுவரை அவரை நான் வாங்க, போங்க என்றுதான் பேசிவந்தேன். அந்த நிமிஷத்தில் அது போய்விட்டது. “உன் கையைப் பாத்தியா? ஒரு கோடு நேரா போட முடியுதா உன்னால? குரல் தவளை மாதிரி ஆயிடுச்சு. நாக்கைக் கண்ணாடியில பாத்தியா, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. எல்லாம் எதனால?”

“அதனாலதான். எனக்கும் தெரியும். வாயை நல்லாக் கொப்பளிச்சா குறையும்னு சொன்னாங்க…”

“கொப்பளிச்சா எல்லாம் சரியாயிடுமா? யாரை ஏமாத்துற? பொண்ணுக்கு ஆறு வயசாகுது. இனிமே அடிக்க மாட்டேன்னு அவ மேல சத்தியம் பண்ணு.”

“திடீர்னு நிறுத்தக் கூடாதும்பாங்க மச்சான்.”

“நிறுத்த மனசு இல்லாதவன் சொல்ற சாக்கு அது.”

அவர் மெதுவாகக் கேட்டார். “முதலாளிகிட்ட சொல்லுவீங்களா?”

“நீ நிறுத்தினா நான் ஏன் சொல்லப்போறேன்?”

“சரி மச்சான். இனிமே அடிக்கல. பொண்ணு மேல சத்தியம்.” சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. திருந்துகிறவனின் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதுதான் வினையே. இரண்டு பம்பையும் அன்றே நிறுத்திவிட்டார். முதல் இரண்டு வாரம் நான் பூரித்துப்போனேன். கை நடுக்கம் சுத்தமாக நின்றது. குரலின் கரகரப்பு குறைந்தது. ‘ழ’ பழையபடி வளைந்து இறங்கியது. க்ரீம் பூசுகிறவர், “உங்க மாப்பிள்ளை கைக்கு என்ன ஆச்சு, அச்சு மாதிரி விழுது” என்றார். நான் பெரிய மனுஷன் மாதிரி சிரித்தேன். காதும் காதும் வைத்த மாதிரி ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

அந்த நாட்களில்தான் தங்கை ஒருமுறை கேட்டாள். “அண்ணே, அவர் சரியாவே தூங்குறதில்ல. தலகாணியை நிமித்தி வெச்சு உக்காந்துக்கிட்டே இருக்கார். நீ சொன்ன மாதிரி நிறுத்தினது சரிதானா?”

அவள் தைரியமாக வாயைத் திறந்து கேட்டது அந்த ஒரு முறைதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அப்படித்தான் இருக்கும். விட்ட புதுசுல உடம்பு கேக்கும், தூக்கம் வராது. நீ இளகிப்போய் எடுத்துக் கொடுத்துடாத.”

“நீ சொன்னா சரிண்ணே” என்று போய்விட்டாள். படி ஏறும்போது மாப்பிள்ளை நடுவில் நின்று நின்று ஏறுவதையும் பார்த்தேன். எழுதும்போது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் கூம்பைக் கீழே வைத்துவிட்டு வாய் திறந்து உட்கார்ந்திருப்பதையும் பார்த்தேன். ஒன்றும் உறைக்கவில்லை. ஒருவர் குடியை விட்டால் இப்படித்தான் சோர்ந்துபோவார் என்று முடிவு கட்டியிருந்தேன். என் முடிவுகள் எப்போதும் தயாராக இருக்கும்.

இருபத்தாறாவது நாள் மாவு லாரி வந்தது. நாற்பது மூட்டை. அதில் இரண்டு, இறக்கும்போதே பிரிந்து கொட்டிவிட்டன. பின்பக்கம் முழுக்க வெள்ளைப் புகை. பதினோரு மணிக்கு ஒரு கேக் பாதி எழுதியபடி மேசையில் இருக்கிறது, ஆளைக் காணோம். சந்துக்குப் போனேன்.

எண்ணெய் டின்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டு. முகமெல்லாம் வியர்வை. கண் செருகியிருந்தது. பேச்சு வரவில்லை. என் அப்பா சாக்கடை ஓரத்தில் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் குனிந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தேன்.

“சத்தியம் பண்ணிட்டு மறுபடியும் அடிச்சிருக்க, இல்ல?”

அவர் தலையை ஆட்டினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு சொன்னார். “இல்ல… மச்சான்… அடிக்கல… பொண்ணு மேல… சத்தியமா… ஒரு நாள்கூட… அடிக்கல.”

அப்போதுதான் அவர் நெஞ்சுக்குள்ளிருந்து வந்த சத்தம் என் காதில் விழுந்தது. விசில் மாதிரி மெலிசான ஒரு சத்தம். உதடு நீலம் பூத்திருந்தது. எந்தக் குடிகாரனுக்கும் உதடு அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. காலரை விட்டேன். லாரிக்காரரைக் கூப்பிட்டு, இருவருமாகத் தூக்கி, அந்த மாவு லாரியின் முன்சீட்டிலேயே போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினோம்.

உள்ளே கொண்டுபோய் மூக்கிலும் வாயிலும் மாஸ்க்கைப் பொருத்தினார்கள். தங்கை ஓடிவந்தாள். ஒரு பெண் டாக்டர், எனக்கு மகள் வயதிருக்கும், வெளியே வந்து கேட்டார். “கடைசியா எப்போ பம்ப் அடிச்சார்?”

பம்பா, எந்தப் பம்ப் என்று நான் தங்கையைப் பார்த்தேன். தங்கை சொன்னாள். “இருபத்தாறு நாளாச்சு டாக்டர். ரெண்டையுமே விட்டுட்டார். கை நடுங்குது, குரல் போகுதுன்னு அண்ணன்தான் நிறுத்தச் சொன்னார்.”

அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அடிப்பது. அடித்தாயா. அடிக்க மாட்டேன். குளிர் அறைக்கு முன்னால் நாங்கள் பேசியது அத்தனையும் ஒவ்வொன்றாகத் திரும்ப ஓடியது. குடி என்ற சொல்லை நான் ஒரு தடவைகூட வாயில் எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் யாருமே அதைச் சொல்ல மாட்டோம், நாக்கு கூசும். கௌரவமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒரு மனுஷனின் மூச்சை நிறுத்தச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

டாக்டர் என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். “பம்ப் அடிச்சா பழக்கமாயிடும்னு நினைச்சீங்களா? படிச்சவங்களே அப்படித்தான் சொல்லிட்டுத் திரியுறாங்க. கை நடுக்கம் கொஞ்ச நேரத்துல தானா அடங்கும். குரலுக்கும் நாக்குக்கும் ஒவ்வொரு தடவையும் நல்லாக் கொப்பளிச்சுத் துப்பணும். பம்புக்கும் வாய்க்கும் நடுவுல ஒரு குழாய் வெச்சு இழுத்தா இன்னும் குறையும். நீலத்தை அடிக்கடி அடிக்க வேண்டியிருந்தா எங்ககிட்ட வந்திருக்கணும், மருந்தை மாத்தியிருப்போம். இந்தத் தொந்தரவுக்குப் பயந்து தினமும் எடுக்கிறதையே நிறுத்தினா, இப்படித்தான் தூக்கிட்டு வரணும். அரை மணி தாமதிச்சிருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிட்டிருப்பேன்.”

“ஆமாம்மா, தப்புதான். பழக்கமாயிடும்னுதான் சொன்னேன்” என்றேன். சின்னத் தப்பை ஒத்துக்கொண்டு பெரிய தப்பை ஒளித்துக்கொண்டேன். அறியாமையில் சொல்லிவிட்டார் பாவம் என்று எல்லோரும் என்னை மன்னித்தார்கள். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ நல்லதுக்குத்தானேண்ணே சொன்னே” என்றாள். எனக்கு அந்தக் கையை உதற வேண்டும் போலிருந்தது. உதறவில்லை.

ஐந்தாம் நாள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். பத்து நாள் கழித்து வேலைக்கு. அதற்குள் நான் முதலாளியிடம் போய், எழுதுகிற மேசை முன்பக்கம் வரவேண்டும், இல்லாவிட்டால் அடுப்பை நானும் விடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். காப்பி மேசைகளில் இரண்டு குறைந்தன. இப்போது அவர் ஒளிக்கிறதில்லை. மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் குழாயில் பம்பைச் செருகி, எல்லோருக்கும் முன்னால் நிதானமாக இழுக்கிறார், குழாயடியில் கொப்பளிக்கிறார். நீலம் எப்போதாவதுதான். அடித்தால் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, நடுக்கம் நின்றபின் எழுதுகிறார்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் விட்டால்தானே! க்ரீம் பூசுகிறவரிடம், பெட்டி கட்டுகிற அம்மாவிடம், கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் என்னைப் பற்றியே பேச்சு. “எங்க மச்சானுக்கு விவரம் தெரியாது, அவ்வளவுதான். ஆனா என்னை அவர் மாதிரி கவனிச்சவங்க யாரும் இல்ல.” ஒவ்வொரு தடவை காதில் விழும்போதும் எனக்கு அடுப்புக்குள் தலையை விடலாம் போலிருந்தது. இரண்டு மாதம் தாங்கினேன். ஒரு நாள் சாயங்காலம், கடையில் ஆள் இல்லாத நேரம், அவர் மேசைக்கு எதிரில் போய் நின்றேன்.

“மாப்பிள்ளை, அன்னைக்கு நான் பம்பைச் சொல்லல.”

“என்னைக்கு?”

“சத்தியம் வாங்கினேனே, அன்னைக்கு. உங்களுக்கு இழுப்பு இருக்குன்னே எனக்குத் தெரியாது. நீங்க குடிக்கிறீங்கன்னு நினைச்சேன்.”

அவர் சிரித்துவிட்டார். “நானா? ரம் போட்ட கேக்கே நான் தொட மாட்டேனே மச்சான்.” சிரித்துக்கொண்டே இருந்தவர், கொஞ்சம் கொஞ்சமாக நின்றார். அவருக்கும் அந்தப் பேச்சு திரும்ப ஓடுகிறது என்று தெரிந்தது.

“சின்ன வயசுலேர்ந்துன்னு சொன்னேனே, அப்பவுமா?”

“ஆமா.”

“சந்துல உக்காந்திருந்தேனே. அடிக்கலன்னு சொன்னேனே. அப்போ?”

“அப்பவும்தான்.”

கூம்பைக் கீழே வைத்தார். துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

“சின்ன வயசுல எங்க வீட்டுல நாங்க அஞ்சு பேர் மச்சான். நான் இருமினா பக்கத்து ரூம் கதவைச் சாத்திக்குவாங்க, சத்தம் கேக்கக் கூடாதுன்னு. எனக்குக் கை நடுங்குது, குரல் மாறிடுச்சு, நாக்கு வெளுத்திருக்குன்னு ஒவ்வொண்ணாப் பாத்துச் சொன்ன முதல் ஆள் நீங்கதான். இவ்வளவு பாத்திருக்காரேன்னு எனக்கு அன்னைக்கு அழுகையே வந்துடுச்சு. டாக்டர் சொன்னதை விட்டுட்டு உங்க பேச்சைக் கேட்டேன்னா, அதனாலதான்.”

“மன்னிச்சுடுங்க மாப்பிள்ளை” என்றேன். அந்தச் சொல்லுக்கு ஒரு எடையும் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அடுத்த கேக்கை முன்னால் இழுத்துவைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். “அவகிட்ட சொல்லிடாதீங்க மச்சான். எங்கண்ணன் உங்களைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்குறார்னு தினமும் சொல்லுவா. அவ அப்படியே நம்பிட்டுப் போகட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குச் சாப்பாடு தங்கை வீட்டில்தான். சாப்பிட உட்கார்ந்ததும் அவள் அதைத் தவறாமல் சொல்கிறாள். மாப்பிள்ளை ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே என் தட்டில் இன்னொரு கரண்டி போடுகிறார்.